டிக்லிபூர் நாட்குறிப்பு: அப்பாவும் நானும் வட அந்தமானில்

திங்கள்

விடிய மூன்று மணி இருக்கும்போதே ஸ்ரீ விஜய புரத்தில் பஸ் ஏறிவிட்டோம். 2024 செப்டம்பரில் போர்ட் பிளேருக்கு வைத்த பெயர் இது. பலகையில் மாறியிருக்கிறது, கண்டக்டர் வாயில் இன்னும் 'பிளேர்'தான். அங்கிருந்து டிக்லிபூருக்குச் சாலை வழியாக முந்நூறு கிலோமீட்டர் சொச்சம். நம் ஊரில் ஐந்தாறு மணி நேரத்தில் முடிகிற தூரம். இங்கே ஒரு பகல் முழுக்க வேண்டும்.

காரணம் ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் தெரிந்துவிடும். அங்கிருந்து மிடில் ஸ்ட்ரெய்ட் படித்துறை வரை ஜாரவா பழங்குடியினரின் காப்பகம். வண்டிகள் தனித்தனியாகப் போக முடியாது. குறித்த நேரத்துக்கு வரிசையாக, போலீஸ் துணையோடுதான் போக வேண்டும். நடுவில் நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, யாருக்கும் எதுவும் கொடுக்கக் கூடாது. முதல் வரிசையைப் பிடிக்கத்தான் அந்த அகால நேரப் பயணம். ஐந்து மணிக்கே போய்ச் சேர்ந்து, பெயர் எழுதிக் கொடுத்து, டீ குடித்துக் காத்திருந்தோம். அப்பா சாவடிக்கு முன்னால் நின்ற வண்டிகளை எண்ணிக்கொண்டே இருந்தார்.

ஊருக்குப் போனதும் எல்லோரும் 'ஜாரவாவைப் பார்த்தீர்களா' என்றுதான் கேட்கப்போகிறார்கள். பார்க்கவில்லை. பார்க்கும் எண்ணத்தோடு ஜன்னலோரம் உட்காரவும் இல்லை. சில நூறு பேரே இருக்கும் ஒரு மக்களின் வீட்டுக்குள்ளே ரோடு போட்டுவிட்டு, அவர்களைப் பார்ப்பதையும் சுற்றுலாப் பட்டியலில் சேர்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பஸ்ஸில் சிலர் கழுத்தை நீட்டிக்கொண்டே வந்தார்கள். இரண்டு பக்கமும் காடு மட்டும் வந்தது.

மிடில் ஸ்ட்ரெய்ட்டில் பஸ்ஸே படகில் ஏறிவிடுகிறது. அடுத்து வரும் ஹம்ஃப்ரி ஜலசந்தியையும் முன்பு இப்படித்தான் கடந்தார்களாம். இப்போது பெரிய பாலம் வந்துவிட்டது. அப்பா பாலத்தின் தூண்களைப் பார்த்து "நல்லா கட்டியிருக்கான்" என்று சான்றிதழ் கொடுத்தார். மின்வாரியத்தில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த ஊருக்குப் போனாலும் முதலில் கம்பத்தைப் பார்ப்பார், அப்புறம்தான் கோயில்.

ரங்கத்தில் சாப்பாடு. எங்கள் பக்கத்து இருக்கை அம்மா இறங்கும்போதுதான் நாங்கள் பேசுவதைக் கவனித்திருக்கிறார். "எந்த ஊரும்மா?" என்றார். நாகப்பட்டினம் என்றேன். "எங்களுக்கு ராமநாதபுரம். நான் பொறந்தது இங்கதான். டிக்லிபூர்ல நம்மாளுக கம்மி, எல்லாம் பெங்காலிதான். ஆனா பயமில்ல, நல்லா பார்த்துப்பாங்க" என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து இரண்டு கொய்யாவை அப்பா கையில் வைத்துவிட்டுப் போனார்.

மாயாபந்தர் பக்கம் திரும்பும் இடம் வந்தது. அந்தப் பக்கம் 1920களில் பர்மாவிலிருந்து வந்து குடியேறிய கரேன் மக்களின் கிராமங்கள் உண்டு, எங்களுக்கு நேரமில்லை. செங்கப்பா பாலத்தைத் தாண்டினால் வட அந்தமான். ஊர் போய்ச் சேரும்போது மாலை ஐந்தரை தாண்டி, இருட்டியும் விட்டது.

செவ்வாய்

இந்த இருட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தியா முழுவதற்கும் ஒரே கடிகாரம். அது கிழக்குத் தீர்க்கரேகை 82.5 பாகையை வைத்து ஓடுகிறது. டிக்லிபூர் கிட்டத்தட்ட 93 பாகையில் இருக்கிறது. பத்து பாகைக்கும் மேல் வித்தியாசம் என்றால் நாற்பது நிமிடத்துக்கும் மேல். பெயருக்குத்தான் இந்திய நேரம். சென்னை இங்கிருந்து ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டருக்கும் மேல், யாங்கோன் அதில் பாதி தூரம்கூட இல்லை. அதனால் பிப்ரவரி கடைசியிலும் ஐந்தே முக்காலுக்கு முன்பே சூரியன் வந்துவிடுகிறது, மாலை ஐந்தரைக்குள் போய்விடுகிறது. ஊர் அதற்குத் தகுந்தபடி வாழ்கிறது. நாலரைக்கே டீக்கடை அடுப்பு எரிகிறது. மதியம் கடைகள் பாதி அடைத்துக் கிடக்கின்றன. இரவு எட்டு மணிக்கு நாயைத் தவிர யாரும் தெருவில் இல்லை.

பஜார் சின்னதுதான். ஒரு நாற்சந்தி, அதைச் சுற்றித் துணிக்கடை, மருந்துக்கடை, பாத்திரக்கடை, பாக்கு மண்டி. பேச்சு வங்காளி, கடைப் பலகை இந்தி. கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து அகதிகளாக வந்த குடும்பங்களை ஐம்பதுகளில் அரசு இங்கே குடியமர்த்தியது. காட்டை வெட்டி நெல் போடச் சொல்லி நிலம் கொடுத்தார்கள். காலிபூர், ராம்நகர், ஷ்யாம்நகர் என்று ஊர்ப் பெயர்களும் அவர்களோடு வந்தவை. வயல், குளம், குளத்தோரம் வாழை, வாழைக்குப் பின்னால் பாக்குத் தோப்பு என்று வழியெல்லாம் பார்த்தால் இது தீவு என்பதே மறந்துபோகிறது. கடல் எங்கோ மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

நாங்கள் காலைச் சாப்பாட்டுக்குப் பிடித்துக்கொண்ட கடை ஒரு தாதாவுடையது. (வங்காளத்தில் அண்ணன், வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டாம்.) லுச்சியும் உருளைக்கிழங்குக் குழம்பும். மதியம் அதே இடத்தில் சோறு, பருப்பு, கடுகெண்ணெயில் பொரித்த வஞ்சிரம். இங்கே அதைச் சுர்மை என்கிறார்கள். கடுகெண்ணெய் வாசனை அப்பாவுக்குச் சேராது என்று பயந்தேன். அவர் முள்ளை ஓரமாக அடுக்கிவிட்டு, "மீன் ஐஸ்ல இருந்த மீன் இல்ல" என்று மட்டும் சொன்னார். நாகப்பட்டினத்துக்காரர் வாயில் இதற்கு மேல் பாராட்டு வராது.

பிற்பகலில் அவர் ஆசைப்படி ஆட்டோ பிடித்துக் கல்போங் நீர்மின் நிலையப் பக்கம் போனோம். சேடில் பீக் மலையில் பிறக்கும் ஆறு கல்போங். அதை மறித்து 2001இல் மின்சாரம் எடுக்க ஆரம்பித்தார்கள். இந்தத் தீவுகளில் முதல் நீர்மின் திட்டம். திறன் 5.25 மெகாவாட். அதைக் கேட்டதும் அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க சப்-ஸ்டேஷன்ல ஒரு டிரான்ஸ்ஃபார்மரே பதினாறு எம்.வி.ஏ.ம்மா." அனுமதி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள் என்பதால் வெளியில் நின்றே பார்த்தோம். ஆட்டோக்காரத் தம்பி சொன்னார்: மழைக்காலத்தில் பிரச்சினை இல்லை, வெயில் ஏறினால் தண்ணீர் குறையும், அப்போது டீசல்தான். டீசல் கப்பலில் வர வேண்டும். அப்பா சிரிப்பை நிறுத்திவிட்டார். திரும்பும் வழியெல்லாம் கம்பியில் மரக்கிளை விழுந்தால் இந்தக் காட்டுக்குள் எப்படி ஆள் போவான் என்பதே பேச்சு.

நெட்வொர்க் பற்றியும் ஒரு வார்த்தை. சென்னையிலிருந்து கடலுக்கடியில் போட்ட கேபிள் 2020 ஆகஸ்டில் இயங்கத் தொடங்கியது. அந்தக் கேபிள் வடக்கே ரங்கத் வரைதான் வருகிறது. எங்கள் விடுதியில் மாலை ஆறு மணிக்கு மேல் ஒரு படம் ஏறக் கால் மணி நேரம். இதை எல்லோரும் தூங்கிய பிறகு ஏற்றுகிறேன்.

புதன்

ராஸ், ஸ்மித். டிக்லிபூர் என்றாலே எல்லோரும் போடும் படம் இதுதான்: இரண்டு பச்சைத் தீவு, நடுவில் வெள்ளையாக வளைந்த மணல் திட்டு. பிளேருக்கு எதிரே இருக்கும் ராஸ் வேறு. அது 2018இலிருந்து நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு. இது ஆளில்லாத ராஸ்.

ஏரியல் பே படித்துறையில் சீட்டு வாங்கி, லைஃப் ஜாக்கெட் மாட்டி, படகில் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆனால் எத்தனை மணிக்குப் போகிறோம் என்பதில்தான் விஷயமே. வெள்ளம், அதாவது கடல் ஏற்றம், வந்தால் அந்த மணல் திட்டு தண்ணீருக்குள் போய்விடும். வற்றம் இருக்கும்போதுதான் ஒரு தீவிலிருந்து இன்னொன்றுக்கு நடக்க முடியும். படகோட்டி கையில் கடிகாரமே இல்லை. தண்ணீரைப் பார்த்தார், "இன்னும் ரெண்டு டீ நேரம்" என்றார் இந்தியில். நாங்கள் ஒரு டீதான் குடித்தோம். போய் இறங்கும்போது திட்டின் நடுப்பகுதியில் முழங்கால் அளவு தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

அது நல்லதாகப் போயிற்று. திட்டு மேலே வருவதை நின்று பார்க்கக் கிடைத்தது. முதலில் இரண்டு பக்கத்து அலையும் நடுவில் வந்து முட்டிக்கொள்கின்றன. கொஞ்ச நேரத்தில் முட்டுகிற கோட்டில் நுரை நின்றுவிடுகிறது. அப்புறம் அந்த இடத்தில் மணல் நிறம் மாறுகிறது, ஈரச் சாம்பலாக. அதன் மேல் ஓடும் தண்ணீர் விரல் கனமாகி, பட்டையாகி, பள்ளங்களில் மட்டும் தங்குகிறது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் ஆளாக நடந்து போனார். ஒரு பக்கம் தண்ணீர் ஆழப் பச்சை, இன்னொரு பக்கம் வெளிர்நீலம். படத்தில் பார்த்தது பொய்யில்லை. ஆனால் படத்தில் மணல் ஈ தெரியாது. தேங்காய் எண்ணெய் தடவாமல் போகாதீர்கள். கடி இரண்டு நாள் கழித்துத்தான் தன் வேலையைக் காட்டும்.

ராஸ் கரையில் அப்பா ஒரு சங்கைக் கையில் எடுத்தார். எடுத்து இரண்டு நிமிடம் அதன் வரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளிருந்து செங்கால் ஒன்று வெளியே வந்து அவர் கட்டைவிரலைத் தடவிப் பார்த்தது, அப்புறம் இன்னும் இரண்டு, கடைசியில் கறுப்புப் பொட்டுக் கண்கள். முனிவன் நண்டு. அவர் போட்ட சத்தத்தில் படகோட்டி ஓடி வந்துவிட்டார். காலியாகக் கிடக்கிற சங்கும் அதற்கு நாளைய வீடு. எடுத்துப் போகக் கூடாது. பவளத் துண்டோ சங்கோ பையில் இருந்தால் விமான நிலையத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

ஸ்மித் தீவில் ஜனங்கள் வசிக்கிறார்கள். ஒரு டுங்கியில் அரிசி மூட்டை, கோழித் தீவனம், ஒரு புது பிளாஸ்டிக் நாற்காலி, அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்த ஒரு பாட்டி என்று எங்களைத் தாண்டிப் போனது. டுங்கி என்றால் இங்கே சின்ன மரப்படகு. பாட்டி எங்களைப் பார்த்துக் கையசைக்கவில்லை. சுற்றுலாக்காரர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்திருக்கும்.

மாலையில் ஏரியல் பே மீன் சந்தை. அப்பா நேரம் போனதே தெரியாமல் பேரம் பேசினார், வாங்கவே இல்லை. அவருக்கு இந்தி தெரியாது, அவர்களுக்குத் தமிழ் தெரியாது. மீன் செவுளைத் தூக்கிக் காட்டுவதற்கு எந்த பாஷையும் வேண்டியதில்லை போல.

வியாழன்

சேடில் பீக், 732 மீட்டர். அந்தமானிலேயே உயரமான இடம். லமியா பேயில் வனத்துறைச் சாவடி. பெயர் எழுதி, பையில் எத்தனை பிளாஸ்டிக் பாட்டில் என்று எண்ணிக் காட்டி, வழிகாட்டியோடு கிளம்ப வேண்டும். போகவே எட்டு கிலோமீட்டர், வரவும் எட்டு. அப்பாவின் முட்டி இதற்கு ஒப்புக்கொள்ளாது. அவர் சாவடிக் காவலரோடு டீ குடிக்க உட்கார்ந்துவிட்டார்.

முதல் பகுதி கடலோரமாகவே போகிறது. உருண்டைக் கல், விழுந்து கிடக்கும் மரம், மறுபடி கல். ஏறுவதைவிட இந்தக் கல்லில் நடப்பதுதான் கணுக்காலைக் கேட்கிறது. அப்புறம் காட்டுக்குள் திரும்பினால் உடனே ஏற்றம். பலகை பலகையாக வேர் விட்ட பெருமரங்கள், நடுவில் முள் வைத்த பிரம்புக்கொடி. சட்டையைப் பிடித்தால் விடாது. இழுக்கக் கூடாது, ஒரு அடி பின்னால் வந்து கழற்ற வேண்டும். வழிகாட்டி அண்ணன் ஒரு மரத்தைக் காட்டி நிறுத்தினார். முழுக் கறுப்பு உடம்பு, சிவப்புக் கொண்டை: அந்தமான் மரங்கொத்தி. இந்தத் தீவுகளைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது. அது எங்களைக் கண்டுகொள்ளாமல் காய்ந்த கிளையை உடைத்துக்கொண்டே இருந்தது.

உச்சியில் மேகம். ஒன்றுமே தெரியவில்லை. பலகையைப் படம் எடுத்துக்கொண்டு இறங்கினேன். பாதி வழியில் மரங்கள் விலகும் இடத்தில்தான் காலிபூர் விரிகுடா முழுசாகத் தெரிகிறது. மேலே போக முடியாதவர்கள் இதுவரை வந்தாலே போதும்.

இறங்கும் வழியில் அண்ணன் 2004 பற்றிச் சொன்னார். சுனாமி என்றால் நமக்கு அலைதான் நினைவு. நாகப்பட்டினத்தில் வளர்ந்த எனக்கு அதைப் பற்றி யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இங்கே நடந்தது வேறொன்று: நிலநடுக்கத்தில் தீவே சாய்ந்தது. ராட்டினப் பலகையில் ஒரு பக்கம் இறங்கினால் மறுபக்கம் ஏறுகிற மாதிரி, பிளேர் பக்கம் நிலம் ஒரு மீட்டர் அளவுக்குக் கீழே போக, வட அந்தமானின் மேற்குக் கரை மேலே வந்துவிட்டது. அங்கே பவளப் பாறைகள் தண்ணீருக்கு வெளியே வந்து வெயிலில் செத்துப்போயின. பிளேர் பக்கம் வயலில் கடல் புகுந்து நின்றது. அதற்கு இரண்டு வருடம் முன்பு, 2002 செப்டம்பரில், டிக்லிபூருக்குப் பக்கத்திலேயே 6.5 அளவில் ஒரு நிலநடுக்கம். "அப்ப பயந்தோம். 2004ல எங்க ஓடணும்னு தெரிஞ்சிருந்துச்சு" என்றார்.

சாவடிக்குத் திரும்பியபோது அப்பா அங்கே யாரோ ஒருவருடைய டேபிள் ஃபேனைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

வெள்ளி

உடம்பு முழுக்க வலி. ஷ்யாம்நகர் சேற்று எரிமலைக்கு மட்டும் போய் வந்தோம். எரிமலை என்ற பெயரை நம்பிப் போனால் ஏமாற்றம்தான்: பூமிக்கடியில் உண்டாகும் வாயு சேற்றைத் தள்ளிக்கொண்டு வருகிறது, அவ்வளவுதான். சாம்பல் நிறக் குழி, எப்போதாவது ஒரு குமிழ். விரலை வைத்தால் குளிர்ச்சி. போகிற காட்டு வழி அதைவிட நன்றாக இருந்தது.

ராம்நகர் குகைகளுக்குப் போகவில்லை. கூடு கட்டும் உழவாரன்களின் இனப்பெருக்க காலம் இது. எச்சிலாலேயே வெள்ளைக் கூடு கட்டும் பறவை. அந்தக் கூட்டுக்குச் சீனச் சமையலில் பெரிய விலை என்பதால் ஒரு காலத்தில் முட்டையோடு குஞ்சோடு பிய்த்துக்கொண்டு போயிருக்கிறார்கள். கோவை ஆனைகட்டியில் உள்ள சலீம் அலி பறவையியல் மையத்தின் ரவி சங்கரன்தான் இதற்கு வழி தேடியவர்களில் முக்கியமானவர். கூடு திருடியவர்களையே சம்பளம் கொடுத்துக் காவலுக்கு வைத்த திட்டம் அது. 2009இல் அவர் இறந்துவிட்டார். திருடனுக்குத்தானே எந்த வழியாக வருவார்கள் என்று தெரியும் என்று அப்பா ஒரே வரியில் திட்டத்தை ஆமோதித்தார்.

இரவு காலிபூர் கடற்கரையில் ஆமைக்காகக் காத்திருந்தோம். வரவில்லை. விடுதியில் தண்ணீரும் வரவில்லை. 'கட்டாயம் வரும்' என்று இரண்டைப் பற்றியும் அதே மேலாளர்தான் சொல்லியிருந்தார்.

சனி

ஆமை வராத குறை இன்று தீர்ந்தது. காலிபூரில் டிசம்பரிலிருந்து ஆமைகள் முட்டையிட வருகின்றன. கடலாமையில் நான்கு வகை இங்கே வருவதாகச் சொல்கிறார்கள், அதிகம் பங்குனி ஆமைதான். வனத்துறை ஊழியர்கள் இரவில் முட்டைகளைச் சேகரித்து, வலை கட்டிய பொரிப்பகத்தில் மறுபடி புதைத்து வைக்கிறார்கள். வெளியே விட்டால் நாய், உடும்பு, நண்டு என்று பெரிய வரிசை இருக்கிறது. ஒவ்வொரு குழிக்கும் ஒரு குச்சி, அதில் தேதியும் முட்டைக் கணக்கும். பெரும்பாலும் நூறைச் சுற்றித்தான் எண்கள். ஐம்பது நாள் அளவில் பொரியும்.

இன்று விடியலில் ஒரு குழியில் மணல் உள்வாங்கியது. அதுதான் அறிகுறியாம். கொஞ்ச நேரத்தில் ஒரு மூக்கு, ஒரு துடுப்பு. பிறகு மொத்தமாகக் கொதித்தெழுந்து வந்தன. ஊழியர் ஒவ்வொன்றாக எண்ணிக் கூடையில் போட்டார். நனைந்த மணலில் விட்டதும் அதுவரை எந்தப் பக்கம் என்று தெரியாமல் துழாவியவை, கடலின் வெளிச்சம் பட்டதும் ஒரே திசையில் திரும்பின. ஒரு குஞ்சு என் செருப்புத் தடத்தில் விழுந்து ஏற முடியாமல் நாலு தடவை சறுக்கியது. கைகொடுக்கப் போனேன், ஊழியர் தடுத்தார். அதுவாக நடக்க வேண்டும். ஐந்தாவது தடவை ஏறிவிட்டது.

மணலின் சூடு கூடினால் பெண் குஞ்சு, குறைந்தால் ஆண் என்று அவர் சொன்னதும், அப்பா கூரையாகப் போட்டிருந்த பச்சை நிழல்வலையை அண்ணாந்து பார்த்தார். "அப்ப இந்த வலையை எங்க கட்டறதுன்னு முடிவு பண்றவன்தான் மாப்பிள்ளை பொண்ணு எல்லாம் முடிவு பண்றான்?" நான் மொழிபெயர்த்தேன். ஊழியர் சிரித்துவிட்டு, வலையின் ஓரம் ஒரு பக்கம் கிழிந்திருப்பதைக் காட்டினார். மாற்று வலை கேட்டிருக்கிறார்களாம், கப்பலில் வர வேண்டும்.

மதியம் மூட்டை கட்டல். நாளை விடியலில் பஸ், திரும்பவும் போலீஸ் வரிசையைப் பிடிக்கும் கணக்கு, இந்த முறை மிடில் ஸ்ட்ரெய்ட்டில். டிக்கெட்டை முன்பதிவு மேடையில் முந்தைய நாளே எடுத்துவிடுங்கள். ஜன்னலோர இருக்கை அன்று காலையில் கிடைக்காது. வர நினைப்பவர்களுக்கு: பணமாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், ஓடோமாஸ் அல்லது தேங்காய் எண்ணெய், டார்ச், இடைவெளிக்கு இரண்டு நாள் கூடுதல். கழிமுகப் பக்கம் முதலை எச்சரிக்கைப் பலகை இருந்தால் அதை அலங்காரமென்று நினைக்க வேண்டாம்.

அப்பா ஏரியல் பேக்குத் தனியாக ஆட்டோவில் போய்விட்டு வந்தார். வஞ்சிரக் கருவாடு வாங்கியிருக்கிறார், வாசனை சொல்கிறது. எந்தப் பையில் வைத்திருக்கிறார் என்று கேட்டால் மட்டும், "விமானத்துல ஏத்துறது என் பொறுப்பு" என்கிறார்.